தம் கட்டித் தூக்கினால் ரத்தக்குழாய் இறுகுமா? பளு தூக்கும் நம்ம ஊர் நண்பர்கள் பதில் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணம்_லிஃப்டர்

எல்லோருக்கும் வணக்கம். வயது 29. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை, கிருஷ்ணகிரியில் ஒரு ஜிம்முக்குப் போகிறேன். உடம்பைக் கட்டாகக் காட்ட வேண்டும் என்ற ஆசை இல்லை, பலம்தான் வேண்டும். அதனால் ஸ்குவாட் (தோளில் கம்பியோடு உட்கார்ந்து எழுவது), பென்ச் பிரஸ் (படுத்தபடி கம்பியை நெஞ்சில் இருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையில் இருந்து இழுத்துத் தூக்குவது) மூன்றும்தான் பிரதானம். எடை அதிகம், ரெப் (ஒரு செட்டில் எத்தனை தடவை தூக்குவது) குறைவு, செட்டுக்கு நடுவே நல்ல ஓய்வு.

போன மாதம் கம்பெனி மருத்துவ முகாமில் பிபி 148/92 காட்டியது. ஜிம்முக்குப் போகிறேன் என்றதுமே, "வெயிட் தூக்குறதை விட்டுடுங்க, நடந்தா போதும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டில் அம்மா அதையே பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு 51 வயதில் பக்கவாதம் வந்தது, அந்தப் பயம் அவருக்குப் போகவில்லை. எனக்கும்தான். ஜிம் மாஸ்டரிடம் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்கிறார். விடு என்றவரும் காரணம் சொல்லவில்லை, தொடரு என்பவரும் சொல்லவில்லை.

எடை தூக்குவதால் ரத்தக்குழாய் இறுகும் என்று எங்கோ படித்தேன். உண்மையா? உண்மை என்றால் எந்த மாதிரிப் பயிற்சியில் பலமும் குறையாமல் குழாயும் கெடாமல் இருக்கும்?

மாந்தோப்பு

தம்பி, எனக்கு 58. சந்தூர் பக்கம் தோப்பு. மே, ஜூன் வந்தால் விடியற்காலையில் இருந்து காய் இறக்குவது, கிரேட் தூக்குவது, வண்டியில் அடுக்குவது. வாலிபத்தில் ஜிம் என்ற பெயரே எங்களுக்குத் தெரியாது. ராகிக்களியும் கீரைக்குழம்பும் சாப்பிட்டோம், நாளெல்லாம் தூக்கினோம். பலத்துக்குக் குறைவில்லை. உடம்பு உழைப்புக்குப் பழகியது, எடை தூக்கியா கெடப்போகிறது? டாக்டர் சொன்னதைத் தட்டச் சொல்லவில்லை. ஆனால் பயந்து உட்கார்ந்துவிடாதே.

ஓசூர்_பிசியோ

தம்பி, ரத்தக்குழாய்க் கதைக்குப் போகும் முன் ஒரு கேள்வி. உங்கள் மேல்கை சுற்றளவு என்ன? முகாமில் பிபி அளக்கக் கையில் சுற்றிய பட்டை எந்த அளவு?

இதைக் கேட்காமல் 148/92-ஐ நான் நம்பமாட்டேன். கை பெருத்தவர்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். 2023-இல் அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பெரிய பட்டை தேவைப்படுகிறவருக்குச் சாதாரணப் பட்டை போட்டபோது மேல் எண் சராசரியாக 5 கூடியது. அதைவிடப் பெரியது தேவைப்படுகிறவருக்கு ஏறக்குறைய 20 கூடியது! பென்ச் பிரஸ் செய்து கை தடித்தவர்கள் இதில் மாட்டிக்கொள்வது சகஜம்.

அப்புறம் முகாமில் வரிசையில் நின்று, டீ குடித்து, பேசிக்கொண்டே கையை நீட்டியிருப்பீர்கள். 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் படிய வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணியில் டீ, காபி, சிகரெட், உடற்பயிற்சி எதுவும் கூடாது. இப்படிக் காலையிலும் இரவிலும் சில நாள் எடுத்து எழுதிக்கொண்டு வாருங்கள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து எடுத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

காவேரிப்பட்டணம்_லிஃப்டர்

அக்கா, டேப் வைத்துப் பார்த்தேன், 39 சென்டிமீட்டர். முகாமில் எல்லோருக்கும் ஒரே பட்டைதான். பெரிய பட்டை உள்ள மெஷின் வாங்கி நீங்கள் சொன்ன மாதிரியே எடுக்கிறேன். பெரும்பாலும் 134-இல் இருந்து 138 வரை, கீழ் எண் 84, 86. முகாமில் காட்டிய அளவு இல்லை, ஆனாலும் எனக்கு இது திருப்தியாக இல்லை. குழாய் விஷயத்தைச் சொல்லுங்கள்.

பழைய_மாஸ்டர்

தருமபுரியில் ரொம்ப வருஷமாக ஜிம் நடத்துகிறேன். கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி எல்லாம் பெரியவர்களிடம் கற்றது, பார்பெல் அப்புறம் வந்தது. அக்கா விளக்கும் முன், தம் கட்டுவது எதற்கு என்று நான் சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் பல பேர் இதைக் கெட்ட பழக்கம் மாதிரிப் பேசுகிறார்கள்.

கனமான டெட்லிஃப்டில் வயிறு நிறைய மூச்சை இழுத்து அடைத்தால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். அது முதுகெலும்பை உள்ளிருந்து தாங்கும். தம் இல்லாமல் 150 கிலோவை இழுத்தால் இடுப்பு வளையலாம், முதுகெலும்பு வட்டு பிதுங்கலாம். எங்கள் ஜிம்முக்கு இடுப்பு வலியோடு வந்து சேர்ந்த பையன்களில் பலர் தம்மையும் நிலையையும் சரியாகக் கற்காதவர்கள். அதனால் "மூச்சே பிடிக்காதே" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எவ்வளவு எடையில், எவ்வளவு நேரம் பிடிக்கிறாய் என்பதுதான் விஷயம்.

ஓசூர்_பிசியோ

மாஸ்டர் சொன்னது சரி, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அதே தம் குழாய்க்குள் என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள்.

1985-இல் மெக்டூகல் என்ற கனடா ஆராய்ச்சியாளரின் குழு, பாடிபில்டர்களின் தமனிக்குள்ளேயே ஊசிக்குழாய் விட்டு, அவர்கள் எடை தூக்கும்போது ரத்த அழுத்தத்தை அளந்தது. லெக் பிரஸ் மெஷினில் இரண்டு காலாலும் எடையைத் தள்ளும்போது சராசரி 320/250 வரை போனது. ஒருவருக்கு 480/350-ஐத் தாண்டியது. தள்ளி முடித்த சில நொடிகளில் சட்டென்று இறங்கிவிடும். கையில் பட்டை சுற்றி அளக்கும் மெஷின் இந்த ஏற்றத்தைப் பிடிக்கவே பிடிக்காது. தசை இறுகிக் குழாய்களை நெரிப்பது ஒரு காரணம், தம் கட்டுவதால் நெஞ்சுக்குள் ஏறும் அழுத்தம் இன்னொன்று.

ஆரோக்கியமான இளைஞர் இதைத் தாங்குவார். கேள்வி, வாராவாரம் இப்படி வாங்கும் குழாய்ச் சுவர் என்ன ஆகிறது என்பது. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் மகாதமனி சற்றே விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளும், பிறகு மெல்லச் சுருங்கி அதை முன்னே தள்ளும். அதனால்தான் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் அடித்துக்கொண்டு போகாமல் சீராகப் போகிறது. இந்த விரியும் குணம் சுவரில் இருக்கும் எலாஸ்டின் என்ற புரதத்தால் வருவது. வயது ஆக ஆக எலாஸ்டின் நைந்து கொலாஜன் என்ற விறைப்பான புரதம் கூடும், குழாய் விறைக்கும். எவ்வளவு விறைத்திருக்கிறது என்பதை நாடித்துடிப்பு அலை கழுத்தில் இருந்து தொடை வரை என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அளந்து சொல்வார்கள். நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் ஓடினால் கவலைப்பட வேண்டிய எல்லை. இளகிய குழாயில் அலை மெதுவாகப் போகும்.

2004-இல் ஜப்பானைச் சேர்ந்த மியாச்சியும் குழுவும் செய்த ஆய்வுதான் இந்தப் பயத்துக்கு மூலம். 20 முதல் 38 வயது வரை 28 ஆண்கள். பாதிப் பேர் 4 மாதம், வாரம் மூன்று நாள் எடைப் பயிற்சி செய்தார்கள். கழுத்துத் தமனியின் விரியும் திறன் 19 சதவீதம் குறைந்தது. சின்ன எண் இல்லை. ஆனால் பயிற்சியை நிறுத்திய அடுத்த 4 மாதத்தில் முழுசாகப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. இந்த இரண்டாம் பாதியைத்தான் யாரும் சொல்வதில்லை. சுவரே நிரந்தரமாகக் கெட்டிருந்தால் நாலு மாதத்தில் திரும்பாது. குழாய்த் தசையின் இறுக்கமும் நரம்பு முடுக்கமும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், இந்த இறுக்கம் இளவயதினர் கடும் எடை தூக்கும்போதுதான் தெரிந்தது. மிதமான எடையில் தெரியவில்லை.

குவாரி_வீட்டுப்பிள்ளை

மாந்தோப்பு ஐயா சொன்னதுக்கு ஒரு பதில். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் அப்பா பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியில் வாழ்நாள் முழுக்கக் கல் உடைத்தவர், தூக்கியவர். கைப்பிடி இன்றும் இரும்பு மாதிரி. ஆனால் பிபி இருப்பது, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து அளந்தபோதுதான் தெரிந்தது. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி வந்து அளந்திருக்காவிட்டால் இன்னும் தெரிந்திருக்காது. "உழைக்கிற உடம்புக்கு என்ன வரும்" என்றுதான் அவரும் இருந்தார்.

2018-இல் வந்த ஒரு தொகுப்பாய்வை எங்கள் பேராசிரியர் வகுப்பில் காட்டினார். சுமார் 1.9 லட்சம் பேரின் விவரம். வேலையில் கடும் உடலுழைப்பு உள்ள ஆண்களுக்கு, அது குறைவாக உள்ளவர்களைவிடச் சீக்கிர மரணத்தின் அபாயம் 18 சதவீதம் அதிகம். ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சியோ நன்மை தருகிறது. ஒரே உடம்பு, ஒரே தசை, ஆனால் பலன் நேர் எதிர்.

ஏன் என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்கு அப்பாவையே பார்த்த மாதிரி இருந்தது. கூலி வேலையில் 8 மணி நேரம் பிபி ஏறியே இருக்கும், இறங்க நேரம் கிடைக்காது. மூச்சு வாங்கும் அளவுக்கு இதயத்தைப் பழக்கும் தீவிரமும் அதில் இருக்காது. எடையைக் குறைக்கவோ நிறுத்தவோ நம் இஷ்டம் கிடையாது. மறுநாள் உடம்பு தேறும் முன் மறுபடி வேலை. அதோடு வெயில், தூசி, குறைந்த தூக்கம், வறுமை. ஜிம்மில் நாம் நினைத்த நேரம் எடையைக் கீழே வைக்கிறோம். அப்பாவால் வைக்க முடிந்ததில்லை.

மாந்தோப்பு

கோபம் எதற்கு தம்பி. அப்பாவை நல்லா பார்த்துக்கொள். போன வாரம் எனக்கும் அளந்தார்கள், 162/70. கீழ் எண் நல்லா இருக்கிறது, மேல் எண் வயசுக்கு ஏற்ற மாதிரிதான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். அப்படியா?

ஓசூர்_பிசியோ

ஐயா, பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு இருந்துவிடாதீர்கள். மேல் எண் ஏறி, கீழ் எண் இறங்கி, நடுவே இடைவெளி பெரிதாவது பெரிய தமனிகள் விறைத்ததன் அடையாளமாக இருக்கலாம். விறைத்த குழாய் இதயம் தள்ளும்போது விரிந்து கொடுக்காது, அதனால் மேல் எண் ஏறும். பிறகு தாங்கிப் பிடிக்கவும் மாட்டாது, அதனால் கீழ் எண் இறங்கும். 162 என்பது எந்த வயதிலும் மருந்து வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டிய அளவு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே போங்கள். அதுவரை காய் கிரேட்டைத் தம் கட்டித் தூக்காதீர்கள்.

180/110-க்கு மேல் இருந்து கட்டுப்படாமல் இருப்பவர் யாராக இருந்தாலும் எடைப் பயிற்சி தொடங்கவே கூடாது. முதலில் மருந்து, அப்புறம்தான் டம்பெல். மகாதமனி வீக்கம் இருப்பவர்களுக்கும், சர்க்கரை முற்றிக் கண்ணின் ரத்தக்குழாயில் கசிவு இருப்பவர்களுக்கும் தம் கட்டுவது ஆபத்து.

நைட்_ஷிப்ட்_ராயக்கோட்டை

சுவரில் சாய்ந்து நாற்காலி மாதிரி உட்காருவதுதான் பிபிக்கு எல்லாவற்றையும்விட நல்லது என்று யூடியூபில் சொல்கிறார்கள். அப்படியென்றால் இந்த ஸ்குவாட், டெட்லிஃப்ட் தொல்லையே வேண்டாமே? நான் அசையாமல் செய்வதற்கே மாறிவிடலாம் என்று பார்க்கிறேன்.

ஓசூர்_பிசியோ

செய்தி பொய்யில்லை. 2023-இல் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் 270 ஆய்வுகளை, 15,827 பேரை வைத்து ஒரு தொகுப்பு வந்தது. அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியில் மேல் எண் சராசரியாக 8.24 குறைந்தது. எடைப் பயிற்சியும் நடை, ஓட்டம் போன்றதும் சேர்ந்தால் 6.04. எடைப் பயிற்சி மட்டும் 4.55, நடை, ஓட்டம் மட்டும் 4.49. கவனியுங்கள், எடைப் பயிற்சியும் பிபியைக் குறைக்கத்தான் செய்கிறது. "வெயிட் தூக்கினால் பிபி ஏறும்" என்று சொல்லித் துரத்துபவர்கள் இந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே போதும்.

சுவர் நாற்காலியின் வழக்கமான முறை: 2 நிமிடம் உட்கார்ந்து 2 நிமிடம் ஓய்வு, இப்படி 4 முறை, வாரம் மூன்று நாள். மூச்சை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தசை இறுகும்போது ரத்தம் தடைபட்டு, விட்டதும் பாய்ந்து ஓடும். அந்த ஓட்டம் குழாயின் உள்சுவரை உரசும்போது அது நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும், குழாய் விரியும். இப்படி ஒரு வாயு நம் உடம்பில் செய்தி சொல்கிறது என்று கண்டவர்களுக்கு 1998-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஆனால் பலத்துக்கு இது போதாது. அசையாத பயிற்சியில் பலம் கூடுவது பெரும்பாலும் எந்தக் கோணத்தில் நிற்கிறோமோ அதைச் சுற்றியே. முட்டியை 90 பாகையில் மடக்கி நின்றால் கிணற்றுப் படியேறவோ, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழவோ தேவைப்படும் முழு வீச்சு பலம் வராது. பிபிக்கு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், எடையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அரூர்_டீச்சர்

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு 52, மாதவிடாய் நின்றுவிட்டது. எலும்பு அடர்த்தி குறைவு என்று வந்திருக்கிறது. சின்ன டம்பெல் வைத்து நிறைய ரெப் செய்தால் போதும், கனம் வேண்டாம் என்கிறார்கள். குழாய்க்கு லேசான எடைதான் நல்லது என்று நீங்களும் சொல்கிறீர்கள். அப்போது எலும்புக்கு?

ஓசூர்_பிசியோ

அருமையான கேள்வி அக்கா, இந்த இழையில் இதுதான் எனக்கு முக்கியம்.

தசை பெரிதாவதற்கு லேசான எடையும் போதும், தசை ஓயும் வரை செய்தால். ஆனால் உச்ச பலத்துக்குக் கனம்தான் மேல். எலும்புக்கும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 8 மாதம், வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்குதல், குதித்து இறங்குதல். தங்களால் முடிந்த உச்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேல். இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த குழுவுக்குக் குறைந்தது. கண்காணிக்கப் பயிற்சியாளர் கூடவே இருந்தார், எடையை மெதுவாகத்தான் ஏற்றினார்கள். நீங்களாக யூடியூப் பார்த்துத் தொடங்காதீர்கள், ஆனால் "வயசான பொம்பளை கனம் தூக்கக் கூடாது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உங்கள் பிபி கட்டுக்குள் இருந்தால் குழாயைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். நடுவயதில் எடைப் பயிற்சியால் குழாய் விறைத்ததாகத் தெளிவான சான்று இல்லை.

நம் பகுதிக்கென்று இன்னொன்று. தருமபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. அதற்கு முன் போர்வெல் தண்ணீரில் வளர்ந்தவர்கள் சிலருக்கு மூட்டும் முதுகும் விறைத்துக் குனிய முடியாது. அப்படிப்பட்டவரை ஸ்குவாடில் கட்டாயப்படுத்தக் கூடாது. மாஸ்டர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பல்லில் பழுப்புக் கோடு இருந்தால் கேளுங்கள், எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்று.

பழைய_மாஸ்டர்

இதை நான் கவனித்ததே பென்னாகரம் பக்கத்தில் இருந்து வந்த ஒருவரிடம். குதிகால் தரையில் நிற்கவே இல்லை, முதுகு கட்டை மாதிரி. பெட்டி மீது உட்கார்ந்து எழ வைத்தேன். அதுவே அவருக்குப் பலன் தந்தது.

ஃபிட்_பாய்_2x

இந்த ஆராய்ச்சி எல்லாம் எதுக்கு பாஸ். 6 வாரத்தில் பலம் வேணும்னா என்னிடம் கேளுங்கள், சைடு எஃபெக்ட் இல்லாத ஊசி

நெறியாளர்

மேலே உள்ளவரின் தொலைபேசி எண்ணையும் விலைப்பட்டியலையும் நீக்கியிருக்கிறோம், கணக்கு முடக்கப்பட்டது. விற்பனை இங்கே கூடாது. அவர் எழுதியதை விட்டுவைத்திருப்பது எல்லோரும் பார்த்து எச்சரிக்கையாக இருக்கத்தான்.

ஓசூர்_பிசியோ

நெறியாளருக்கு நன்றி. அனபாலிக் ஸ்டீராய்டு ஊசி நல்ல கொழுப்பைக் குறைக்கும், பிபியை ஏற்றும், இதயச் சுவரைத் தடிக்க வைக்கும். நீண்ட காலம் போட்டவர்களை 2017-இல் அமெரிக்காவில் சோதித்தபோது இதயத்தின் தள்ளும் திறன் குறைந்திருந்தது, இதயத் தமனியில் படிவும் கூடியிருந்தது. எடை தூக்கியதால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று பிரிக்க, ஊசி போடாமல் எடை தூக்குகிறவர்களோடுதான் ஒப்பிட்டார்கள். தம்பிமார்களே, உங்கள் ஜிம்மில் யாராவது இதை நீட்டினால் அந்த ஜிம்மையே விட்டு வெளியே வாருங்கள். இதில் எனக்குத் துளி தயவும் இல்லை.

காவேரிப்பட்டணம்_லிஃப்டர்

அக்கா, எனக்கு நேரடியாகச் சொல்லுங்கள். வாரத்துக்கு மூன்று நாள்தான் ஜிம். ஷிப்ட் மாறும். என்ன மாற்ற வேண்டும்?

ஓசூர்_பிசியோ

முதலில் டாக்டரைப் பார்த்து, வீட்டில் எடுத்த எண்களைக் காட்டுங்கள். அப்பாவுக்கு 51-இல் பக்கவாதம் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். வலி மாத்திரையும், ஜிம்முக்கு முன் கலக்கிக் குடிக்கும் பொடியும் பிபியை ஏற்றும், பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள்.

பயிற்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது வரிசை. ஜப்பானில் ஒகமோட்டோ குழு 2007-இல் இளவயதினருக்கு இரண்டு விதமாகப் பயிற்சி கொடுத்தது. ஒரு குழு ஓடிவிட்டு எடை தூக்கியது, இன்னொன்று எடை தூக்கிவிட்டு ஓடியது. 8 வாரம் கழித்து, முதலில் ஓடியவர்களின் குழாயில் மாற்றம் இல்லை. எடைக்குப் பிறகு ஓடியவர்களின் குழாய் இளகியிருந்தது, விரியும் திறனும் கூடியிருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் செலவில்லாத யோசனை. ஜிம்முக்கு முன் டிரெட்மில்லில் 20 நிமிடம் ஓடிவிட்டு எடைக்குப் போவதுதான் இங்கே பெரும்பாலோர் பழக்கம். அதை அப்படியே திருப்புங்கள். முன்னால் உடம்பு சூடேறும் அளவுக்கு 5 நிமிடம் போதும்.

துடுப்பு வலிப்பவர்களைப் பார்த்தாலும் இதே செய்திதான். ஒவ்வொரு இழுப்பும் எடைப் பயிற்சி மாதிரி, ஆனால் மூச்சு வாங்க வாங்க நீண்ட நேரம் செய்கிறார்கள். அவர்களின் கழுத்துத் தமனி, எதுவும் செய்யாத அதே வயதினரைவிட இளக்கமாக இருந்தது. பலமும் ஓட்டமும் சேரும்போது குழாய்க்கு அடி விழுவதில்லை.

பழைய_மாஸ்டர்

தம்பி, எடையைப் பற்றி நான் சொல்கிறேன், அக்கா திருத்தட்டும். ரெண்டு மாதத்துக்கு உச்ச எடையைத் தொடாதே. நீ 5 ரெப்புக்கு மேல் முடியாத எடையில் செய்கிறாய். அதை 8, 10 ரெப் வரும் எடைக்கு இறக்கு, அதிலும் கடைசி ரெண்டு ரெப்பை மிச்சம் வை. முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைக்கும் அந்தக் கடைசி ரெப்பில்தான் தம் நீளும், பிபி எகிறும். பலம் குறைந்துவிடும் என்று பயப்படாதே. கொஞ்சம் இறங்கும், திரும்பப் பிடிக்க அதிக நாள் ஆகாது.

தம்மை ஒவ்வொரு ரெப்புக்கும் எடு, கஷ்டமான இடம் தாண்டியதும் விடு. ஸ்குவாடில் கீழே இறங்கும் முன் இழு, மேலே வரும்போது பாதி தாண்டியதும் "ஸ்ஸ்" என்று விட்டுக்கொண்டே எழு. பையன்கள் ஒரே தம்மில் மூன்று ரெப் போடுகிறார்கள், அதுதான் எனக்குப் பிடிக்காதது. டெட்லிஃப்டில் ஒவ்வொரு ரெப்பையும் தரையில் வைத்து, கையை எடுத்து, மூச்சை மாற்றிவிட்டு அடுத்தது. பெல்ட்டை வார்ம்-அப் எடையிலேயே இறுக்கிக் கட்டாதே. லெக் பிரஸில் முட்டியை நெஞ்சில் நெருக்கித் தள்ளும் பழக்கம் இருந்தால் விடு. அந்த 320 வந்தது லெக் பிரஸில்தானே.

ஓசூர்_பிசியோ

திருத்த எதுவும் இல்லை மாஸ்டர். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தூக்குவதைவிட இறக்குவதில் நிதானம் காட்டுங்கள். அதே ஒகமோட்டோ 2006-இல் பெண்களிடம் பார்த்தபோது, எடையை மேலே தூக்கும் பாதியை மட்டும் செய்தவர்களுக்குக் குழாய் சற்று விறைத்தது, இறக்கும் பாதியை மட்டும் செய்தவர்களுக்கு விறைக்கவில்லை. இறக்கும்போது தசைக்குப் பலமும் வருகிறது.

ஜிம் இல்லாத நாளில் சுவர் நாற்காலி. நைட் ஷிப்ட் வாரத்தில் தூக்கம் கெட்டிருந்தால் அன்று கனம் வேண்டாம், அதை மட்டும் செய்யுங்கள்.

காவேரிப்பட்டணம்_லிஃப்டர்

அம்மாவிடம் என்ன சொல்வது? முழுக்க விட்டுவிடு என்கிறார்.

குவாரி_வீட்டுப்பிள்ளை

அண்ணா, அமெரிக்க இதயச் சங்கம் 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையைச் சொல்லுங்கள். எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு, செய்யாதவர்களைவிட மரண அபாயம் 15 சதவீதமும் இதயநோய் அபாயம் 17 சதவீதமும் குறைவு. வாரத்தில் மொத்தம் 30 முதல் 60 நிமிடம் செய்தாலே பெரும்பலன் என்கிறது. கைப்பிடி பலத்தை 17 நாடுகளில் அளந்த ஆய்வும் இருக்கிறது, 2015-இல் லான்செட்டில் வந்தது, இந்தியாவும் அதில் உண்டு. பிடி 5 கிலோ குறைந்தால் மரண அபாயம் 16 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. பலம் இருப்பதே ஒரு பாதுகாப்பு என்று சொல்லுங்கள். அப்பாவின் பக்கவாதத்துக்குப் பயப்படுகிறவருக்கு, அதைத் தடுக்கத்தான் செய்கிறேன் என்று புரிய வைக்க வேண்டும்.

மாந்தோப்பு

அம்மாவை ஒரு தடவை ஜிம்முக்குக் கூட்டிப்போய்க் காட்டு. மூச்சை விட்டுக்கொண்டு செய்வதை அவர் கண்ணால் பார்க்கட்டும். அப்புறம் நான் சுகாதார நிலையத்துக்குப் போய் வந்தேன். மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், மாதம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஊறுகாயைக் குறைக்கச் சொன்னார்கள். மாங்காய்க்காரனிடம் போய் ஊறுகாயைக் குறை என்பது பெரிய கஷ்டம்தான், ஆனால் குறைக்கிறேன். அக்கா, இந்தச் சுவர் நாற்காலி என் முட்டிக்கு ஒத்துவருமா?

ஓசூர்_பிசியோ

மருந்தில் பிபி இறங்கட்டும் ஐயா, பிறகு தொடங்குங்கள். முட்டியை அவ்வளவு மடக்க வேண்டாம், பாதியளவு போதும். வலித்தால் கைப்பிடி முறை இருக்கிறது. பிடிமான ஸ்பிரிங் ஒன்றை உங்கள் முழுப் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் 2 நிமிடம் அழுத்திப் பிடித்து விடுங்கள், 4 முறை, வாரம் மூன்று நாள். பிடிக்கும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பேச முடிந்தால் தம் கட்டவில்லை என்று அர்த்தம்.

காவேரிப்பட்டணம்_லிஃப்டர்

டாக்டரைப் பார்த்துவிட்டேன், வேறொருவர். எண்களைப் பார்த்துவிட்டு, மருந்து இப்போது வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். மாஸ்டர் சொன்ன மாதிரி எடையை இறக்கிவிட்டேன். எடை முடிந்ததும் சைக்கிள் எடுத்துக்கொண்டு கே.ஆர்.பி. அணை வரை மூச்சு வாங்க மிதித்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். மழை நாளில் ஜிம்முக்குள்ளேயே. அம்மா ஞாயிற்றுக்கிழமை ஜிம்முக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாஸ்டர், ஒரு சந்தேகம். பென்ச் பிரஸில் எப்போது மூச்சை விடுவது? மேலே முழுசாகப் போனதும் விட்டால் தோள் தளர்ந்துவிடுகிறது.

பழைய_மாஸ்டர்

முழுசாக விடாதே. கம்பி நெஞ்சில் இருந்து பாதி உயரம் தாண்டியதும் பல்லிடுக்கில் கொஞ்சமாக விடு, மேலே போய்ச் சேரும்போது பாதி மூச்சு உள்ளே இருக்கட்டும். தோள்பட்டையைப் பெஞ்சில் அழுத்தியபடியே மேலே ஒரு நொடி நின்று, நிரப்பிக்கொண்டு இறக்கு. முதலில் வெறுங்கம்பியில் பழகு, எடையோடு பழகாதே. ஞாயிறு அம்மா வரும்போது அதையே செய்து காட்டு.